பழங்காலக் கடற்கருவிகள்: தேர்வும் சோதனையும் பேணுதலும்

பழைய கடற்கருவிகளைச் சேர்ப்பவர் கைக்கு இரண்டு வகைப் பொருள்கள் வந்து சேரும். கப்பல் நடுக்கடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கிட உதவியவை ஒரு வகை: ஆக்டண்ட், செக்ஸ்டண்ட், குரோனோமீட்டர், திசைகாட்டி, வேகமானி, கடல் வரைபடம். கப்பலோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருந்தவை மற்றொரு வகை: மணி, விளக்கு, வட்டச் சன்னல், எந்திர அறைக்கு ஆணை அனுப்பும் டெலிகிராஃப். செக்ஸ்டண்டை அதிகாரிகள் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். கப்பல் மாறும்போது கூடவே எடுத்துச் சென்றார்கள். அதனால் அவை பெட்டியோடும் துணைப்பொருள்களோடும் பிழைத்திருக்கின்றன. இரண்டாம் வகையோ கப்பலை உடைக்கும்போது கழற்றி எடை போட்டு விற்கப்பட்டது. அதன் வரலாறு பெரும்பாலும் அங்கேயே அறுந்துவிடுகிறது.

இந்த அத்தியாயம் முதல் வகைக்கே கூடுதல் இடம் தருகிறது. அளவிடும் கருவியை அளந்து பார்த்தே சோதித்துவிடலாம் என்பது காரணம். பெயர்ப்பட்டையை யாரும் பொறிக்கலாம், ஆண்டை யாரும் வெட்டலாம், பித்தளையை இரண்டு வாரத்தில் கருக்கச் செய்யலாம். ஒரு பாகையை ஒழுங்காகப் பிரித்து, அந்தப் பிரிவுகளை வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிசகாமல் கோடிட்டுக் காட்டுவது அப்படிப்பட்ட வேலையன்று. சேகரிப்பவர் பழக வேண்டிய முதல் பழக்கம், கருவியில் உள்ள பெயரைக் கடைசியாகப் படிப்பது.

மிகப் பழைய கருவிகள் சந்தைக்கு அநேகமாக வருவதே இல்லை. கடலோடிகளின் அஸ்ட்ரோலேப் உலகம் முழுவதிலும் நூற்றுச் சொச்சம்தான் பதிவாகியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. கடைத்தெருவில் சில ஆயிரம் ரூபாய்க்குத் தொங்கும் அஸ்ட்ரோலேப் எல்லாமே அலங்காரப் பொருள்.

தமிழ்க் கரைக்குச் சொந்தமான ஒரு கருவியை மட்டும் இங்கே தனியே குறிப்பிட வேண்டும். அரபு மாலுமிகள் கமால் என்று அழைத்ததைத் தமிழ் மாலுமிகள் இராப்பலகை என்றார்கள். சிறிய செவ்வகப் பலகை, அதன் நடுவே துளைத்துக் கோத்த கயிறு, கயிற்றில் முடிச்சுகள். கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்து, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தினால், எந்த முடிச்சு வாயில் இருக்கிறதோ அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகையில் கப்பல் நிற்கிறது. சோழமண்டலக் கரை மாலுமிகளின் இத்தகைய உத்திகளைக் கேப்டன் காங்கிரீவ் என்பவர் 1850இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில் எழுதி வைத்தார். மரமும் கயிறும் மட்டுமே கொண்ட இப்பொருள் மிக எளிதில் குப்பையோடு போய்விடும். பழைய தோணிக்காரர் வீட்டு மரப்பெட்டியில் துளையிட்ட பலகைத் துண்டு கிடைத்தால், அதைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை நிதானிப்பது நல்லது. முடிச்சுகளின் இடைவெளியை அளந்து குறிக்காமல் கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

ஆக்டண்டும் செக்ஸ்டண்டும்

சேகரிப்பவர் முதலில் சந்திக்கும் உண்மையான பழங்கருவி பெரும்பாலும் ஆக்டண்டாக இருக்கும். 1731இல் ஜான் ஹாட்லி இதை லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் ஃபிலடெல்ஃபியாவில் தாமஸ் காட்ஃப்ரி தனியாக இதே தத்துவத்தை எட்டினார். இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் ஒளியின் கோணம் இரட்டிக்கும். அதனால் வட்டத்தில் எட்டில் ஒரு பங்கான 45 பாகை வளைவு 90 பாகை வரை அளக்கும். சூரியனும் தொடுவானமும் ஒரே பார்வையில் சேர்ந்து தெரிவதால், தளம் ஆடினாலும் அளவு கெடுவதில்லை.

தொடக்க கால ஆக்டண்டுகள் பெரியவை. மகோகனிச் சட்டம், பதினெட்டு இருபது அங்குல ஆரம், குறுக்குக் கோடுகளால் பிரித்த அளவு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சட்டம் கருங்காலிக்கு மாறியது, அளவு தந்தப் பட்டையில் பொறிக்கப்பட்டது, கோடுகளின் இடைவெளியை நுணுக்கமாகப் படிக்க உதவும் வெர்னியர் என்ற துணை அளவுகோல் வந்தது. 1820களுக்குப் பிறகு ஆரம் பத்து அங்குலத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டது. ஆக, சட்டத்தின் மரம், ஆரம், அளவு பிரிக்கப்பட்ட முறை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே ஓரளவுக்குக் காலம் தெரிந்துவிடும். மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் ஏதோ ஒன்று பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது. பல ஆக்டண்டுகளின் பின்புறத்தில் சிறிய தந்தத் தகடு பதிந்திருக்கும். பார்த்த அளவை மாலுமி அதில் பென்சிலால் எழுதி, பிறகு துடைத்துவிடுவார். குறுக்குச் சட்டத்தில் அந்தப் பென்சிலைச் செருகத் துளையும் இருக்கும். பென்சில் தொலையாமல் கிடைப்பது அபூர்வம்.

செக்ஸ்டண்ட் 1757ஐ ஒட்டிப் பிறந்தது. ஜான் கேம்பல் என்ற கடற்படை அதிகாரி, நிலவுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலான கோணத்தை அளக்க 90 பாகை போதவில்லை என்று கண்டார். ஜான் பேர்ட் 60 பாகை வளைவில் 120 பாகை அளக்கும் கருவியைச் செய்து கொடுத்தார். பெரிய திருப்பம் அதற்குப் பின் வந்தது. ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களில் செய்த பிரிப்பு எந்திரம், கையால் கோடிட்டுக்கொண்டிருந்த வேலையைத் திருகாணியின் சுழற்சிக்கு மாற்றியது. 1777இல் பிரிட்டனின் தீர்க்கரேகை வாரியம் அதன் விளக்கத்தை நூலாக வெளியிட்டது. கோடுகள் துல்லியமானதும் வளைவு பெரிதாக இருக்க வேண்டிய தேவை ஒழிந்தது. கருவி ஒரு கைக்கு அடக்கமாயிற்று.

இந்த எந்திரம் சேகரிப்பவருக்கு இன்னொரு சான்றையும் விட்டுச் சென்றிருக்கிறது. எந்திரத்தின் உரிமையாளர்கள் தாங்கள் பிரித்துக் கொடுத்த வளைவில் சிறு முத்திரையைப் பதித்தார்கள். ராம்ஸ்டனின் அடையாளம் நங்கூரமும் இருபுறமும் அவர் பெயரின் முதலெழுத்துகளும். தந்த வளைவின் நடுவே எஸ், பி, ஆர் என்ற மூன்று ரோமன் எழுத்துகள் இருந்தால், அதைப் பிரித்தது லண்டனின் ஸ்பென்சர், பிரவுனிங், ரஸ்ட் நிறுவனம். பெயர்ப்பட்டையில் லிவர்பூல் கடைக்காரர் ஒருவரின் பெயரும் வளைவில் இந்த முத்திரையும் சேர்ந்து இருப்பதில் முரண் ஏதுமில்லை: செய்தவர் ஒருவர், பிரித்தவர் ஒருவர், விற்றவர் இன்னொருவர். அக்கால வணிகம் அப்படித்தான் நடந்தது.

கருவியைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மற்றவற்றை விட இது முக்கியம். சுட்டுக் கையை (வெர்னியரைத் தாங்கி வளைவின் மேல் நகரும் கை) நகர்த்தி, வெர்னியரின் பூச்சியக் கோட்டை வளைவின் ஏதேனும் ஒரு கோட்டோடு நேராக நிறுத்த வேண்டும். அப்போது வெர்னியரின் கடைசிக் கோடும் வளைவின் இன்னொரு கோட்டோடு நேராக நிற்க வேண்டும். இடையில் உள்ள எந்தக் கோடும் நிற்கக் கூடாது. வளைவின் தொடக்கம், நடு, இறுதி என்று பல இடங்களில் இதைச் செய்து பார்க்க வேண்டும். உண்மையான கருவி எல்லா இடங்களிலும் தேறும். அலங்காரத்துக்காக வார்க்கப்பட்டதில் வெர்னியர் வெறும் கோடுகளின் கூட்டம், எங்கும் பொருந்தாது. பத்து மடங்கு பெருக்கும் சிறு லென்ஸ் ஒன்று சட்டைப் பையில் இருந்தால் போதும். அதே லென்ஸில் கோடுகளின் விளிம்பையும் பார்க்கலாம். வெட்டிய கோடு கூர்மையாக, அடி சுத்தமாக இருக்கும். அமிலத்தால் அரித்த கோட்டின் விளிம்பு கலங்கியிருக்கும்.

அடுத்தது கண்ணாடிகள். சுட்டுக் கையைப் பூச்சியத்தில் வைத்துக் கடலின் தொடுவானத்தையோ இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோபுர முனையையோ பார்த்தால், நேர்ப்பிம்பமும் எதிரொளித்த பிம்பமும் ஒன்றாகச் சேர வேண்டும். சிறிது விலகியிருந்தால் பரவாயில்லை. அது சுட்டுப் பிழை, கண்ணாடியின் பின்னுள்ள திருகுகளால் சரிசெய்யக் கூடியது. திருகுகளே இல்லாத கண்ணாடி, அல்லது ஒட்டி வைத்த கண்ணாடி, அந்தப் பொருளின் கதையை அங்கேயே முடித்துவிடும். பழைய கண்ணாடிகளில் ரசம் கறுத்துப் பொட்டுப் பொட்டாக உரிந்திருப்பது இயல்பு. அதற்காக அவற்றை மாற்றக் கூடாது. பழைய கண்ணாடி கருவியின் பகுதி. புதுக் கண்ணாடி பொருத்தினால் விலையும் மதிப்பும் இரண்டும் இறங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செக்ஸ்டண்ட் பெட்டிகளின் மூடிக்குள் சோதனைச் சான்றிதழ் ஒட்டப்பட்டிருக்கும். பிரிட்டனில் கியூ வானாய்வகமும், பின்னர் தேசிய இயற்பியல் ஆய்வகமும் கருவியின் வரிசை எண்ணையும் சோதித்த நாளையும், வளைவின் பல இடங்களில் கண்ட பிழையையும் எழுதிக் கொடுத்தன. சான்றிதழில் உள்ள எண்ணும் சட்டத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால், கருவியும் பெட்டியும் பிரியாமல் வந்திருக்கின்றன என்று பொருள். பெட்டி பொருந்துகிறதா என்பதற்கு இன்னொரு சோதனை, கருவியை உள்ளே வைத்து மூடிப் பார்ப்பது. கைப்பிடி, தொலைநோக்கிகள், வண்ணக் கண்ணாடிகள் ஒவ்வொன்றுக்கும் தச்சர் தனித்தனி இருப்பிடம் செய்திருப்பார். அன்னியக் கருவி அதில் தடுக்கும் அல்லது ஆடும்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வெர்னியர் போய் மைக்ரோமீட்டர் உருளை வந்தது. ஹாம்பர்கின் சி. பிளாத், லண்டனின் ஹென்றி ஹியூஸ், ஹீத், ஜப்பானின் தமயா ஆகியோரின் உருளை செக்ஸ்டண்டுகள் இன்றும் சூரிய உயரம் எடுக்கத் தகுதியானவை. தந்தமில்லை, சட்டச் சிக்கல் குறைவு, விலையும் எட்டும் தூரத்தில். புதிதாகத் தொடங்குபவருக்கு இவற்றை விடப் பொருத்தமான முதல் வாங்கல் கிடையாது. கருவியைப் பயன்படுத்திப் பழகியவர் கண்ணை ஏமாற்றுவது கடினம்.

பெயரும் போலியும்

இந்தியாவில் வாங்குபவர் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: உலகெங்கும் விற்கப்படும் அலங்காரக் கடற்கருவிகளில் பெரும் பகுதி இந்நாட்டில்தான் உருவாகிறது. உத்தராகண்டின் ரூர்க்கியில் 1847இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியை ஒட்டி நில அளவைக் கருவித் தொழில் வளர்ந்தது. அந்தக் கைத்திறனின் ஒரு கிளை இன்று செக்ஸ்டண்ட், திசைகாட்டி, தொலைநோக்கி நகல்களைச் செய்கிறது. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பித்தளை வார்ப்பில் பேர்பெற்றது. நகலை நகல் என்று விற்பதில் தவறில்லை. அந்தக் கைவினைஞர்களின் வேலை மேசை அலங்காரத்துக்கு அழகானதே. மூன்றாவது கையில் அது பாட்டனார் காலத்துப் பொருளாக மாறும்போதுதான் மோசடி தொடங்குகிறது.

மிகப் பரவலான போலிக்குறி, கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917 என்ற பொறிப்பு. கெல்வின் நிறுவனமும் ஹென்றி ஹியூஸ் நிறுவனமும் இணைந்து அந்தப் பெயர் உருவானதே 1947இல்தான். இணைவதற்கு முப்பது ஆண்டு முன்னால் அந்தப் பெயரில் கருவி வந்திருக்க வழியில்லை. ஸ்டான்லி லண்டன், டாலண்ட் லண்டன், ராஸ் லண்டன் ஆகிய பெயர்களும் இப்படியே தாராளமாகப் பதிக்கப்படுகின்றன. இவை எல்லாமே உண்மையான, மதிப்புக்குரிய நிறுவனங்கள். அந்த மதிப்பினால்தான் அவற்றின் பெயர் திருடப்படுகிறது. பொதுவாக, பழைய கருவி செய்தவர்களிடம் ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் குறைவு. பெயருக்குக் கீழே பெரிதாக ஆண்டும் இருந்தால் சந்தேகம் கூட வேண்டும்.

மற்ற அடையாளங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். கூட்டல் குறி போன்ற பள்ளம் உள்ள திருகு 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. விக்டோரியா காலக் கருவியில் அதற்கு இடமில்லை. ஷீஷம் மரப்பெட்டியில் பித்தளை நங்கூரம் பதித்திருந்தால் அது புதியது. உண்மையான தேய்மானம் கை படும் இடங்களில் மட்டும் இருக்கும்: கைப்பிடி, இறுக்கும் திருகின் தலை, சுட்டுக் கையின் ஓரம். கறுப்பு ஒரே சீராக, திருகின் பள்ளத்துக்குள்ளும் சட்டத்தின் உள்மூலைகளிலும் படர்ந்திருந்தால் அது இரசாயனத் தொட்டியில் வந்த முதுமை. பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதைக் காட்டும் அகன்ற அம்புக்குறி ஒரு காலத்தில் நல்ல சான்று. இன்று அதையும் அச்சால் அடித்து விடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கல்கத்தா, பம்பாய், சென்னைக் கடைகளின் பெயர் இருப்பதால் மட்டுமே நல்ல கருவிகளை உள்ளூர்ச் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். துறைமுக நகரக் கடைகள் லண்டன் கருவிகளை வரவழைத்துத் தங்கள் பெயரோடு விற்றன. பிரிட்டிஷ் தயாரிப்பாளர்களின் முகவரிகளும் காலமும் குளோரியா கிளிஃப்டன் 1995இல் வெளியிட்ட பெயரகராதியில் 1851 வரை தொகுக்கப்பட்டுள்ளன. கருவியில் உள்ள தெருப்பெயரை அதில் தேடினாலே பத்து, பதினைந்து ஆண்டு வரம்புக்குள் காலத்தை நிறுத்திவிடலாம்.

குரோனோமீட்டர்

தீர்க்கரேகையைக் கண்டறிய, புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கடலிலும் கெடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்கு வழி கண்டால் 20,000 பவுண்டு வரை பரிசு என்று 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. ஜான் ஹாரிசனின் நான்காவது கடிகாரம் அதைச் சாதித்தது. ஆனால் இன்று சந்தையில் காணும் குரோனோமீட்டர்களின் உள்ளமைப்பு ஜான் அர்னால்டும் தாமஸ் எர்ன்ஷாவும் பின்னர் எளிதாக்கியது: பித்தளைக் கிண்ணத்துக்குள் இயக்கம், அதைக் கிடைமட்டமாக வைத்திருக்கும் கிம்பல் வளையங்கள், மூன்று அடுக்கு மரப்பெட்டி, அரை நொடிக்கு ஒரு துடிப்பு.

குரோனோமீட்டர் தினமும் சிறிது முந்தலாம் அல்லது பிந்தலாம். அந்த அளவு நாள்தோறும் மாறாமல் இருப்பதே அதன் தகுதி. வாங்குபவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான்: ஒரு வாரம் ஓடவிட்டு ஒவ்வொரு நாளும் குறித்த கணக்கு இருக்கிறதா? நின்றுபோன குரோனோமீட்டரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். சாவி கொடுத்தால் மட்டும் அது தானாக ஓடாது. கிண்ணத்தைக் கிடையாகப் பிடித்துச் சட்டென்று கால் சுற்று திருப்பினால்தான் சமநிலைச் சக்கரம் புறப்படும். புறப்பட்டும் நின்றால் எண்ணெய் உறைந்திருக்கலாம், அல்லது உள்ளே மெல்லிய தடைவில் ஒடிந்திருக்கலாம். முன்னதைச் சரிசெய்யும் செலவு தாங்கக் கூடியது. பின்னதைச் செய்யத் தெரிந்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர்.

ஓடும் குரோனோமீட்டரைத் தூக்கிச் செல்லக் கூடாது. கிம்பலைப் பூட்டிவிட்டு, சமநிலைச் சக்கரத்தின் அடியில் மெல்லிய தக்கைத் துண்டுகளைச் செருகி நிறுத்திய பிறகே அனுப்ப வேண்டும். கூரியர் வழியாக வந்து பாழான குரோனோமீட்டர்களில் பெரும்பாலானவை இந்தத் தக்கை இல்லாததால் பாழானவை.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படைக்காக ஹாமில்டன் நிறுவனம் 1942 முதல் ஆயிரக்கணக்கில் செய்த 21ஆம் மாதிரி, முதல் குரோனோமீட்டராக வாங்க ஏற்றது. தொழிற்சாலையில் ஒரே அளவில் செய்யப்பட்டதால் உதிரிப்பாகம் கிடைக்கிறது. சோவியத் நாட்டு மாஸ்கோ தொழிற்சாலையின் 6எம்எக்ஸ் மாதிரிக்கும் இது பொருந்தும். பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொந்தமான குரோனோமீட்டர்களின் பயணக் கணக்கைக் கிரீனிச் வானாய்வகம் பேரேடுகளில் எழுதி வைத்தது. அவை இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் தெரிந்தால், எந்தக் கப்பலில் எந்த ஆண்டு ஏறி எங்கே இறங்கியது என்பதைப் பல சமயம் அந்தப் பேரேட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். வேறு எந்தக் கடற்கருவிக்கும் இவ்வளவு முழுமையான வாழ்க்கை வரலாறு கிடைப்பதில்லை.

திசைகாட்டி முதல் மணி வரை

திசைகாட்டியில் உலர்ந்த அட்டை, திரவத்தில் மிதக்கும் அட்டை என்று இரு வகை. 1870களில் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, எடை மிகக் குறைந்த உலர் அட்டையையும், இரும்புக் கப்பலின் காந்த ஈர்ப்பைச் சமன் செய்யும் இரு இரும்புக் குண்டுகளோடு கூடிய பீடத்தையும் அறிமுகப்படுத்தினார். பீடம் வாங்குபவர் உள்ளே திருத்தக் காந்தங்களைச் செருகும் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; நகல் பீடத்தின் உட்புறம் வெறுமையாக இருக்கும். திரவத் திசைகாட்டியில் காற்றுக்குமிழி இருந்தால் கசிவு உண்டு என்று பொருள்.

தொலைநோக்கியில் லென்ஸ்தான் எல்லாம். பார்வைக் குழலை வெளியே இழுத்து, லென்ஸில் பூஞ்சை வலை பின்னியிருக்கிறதா என்று விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் பல குழல்களில் அது இருக்கும். டாலண்ட் பெயருக்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே போலி இருந்தது. அந்தப் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பொறித்தவை அவை. அவையும் இப்போது இருநூறு ஆண்டுப் பழமை பெற்றுவிட்டன; அந்த அளவில் சேகரிக்கத் தகுந்தவையே.

வாக்கர் நிறுவனத்தின் செரப் வேகமானி, இணைகோல், கவராயம் போன்றவை இன்னும் எளிய விலையில் கிடைக்கின்றன, போலியும் குறைவு. முக்குளிப்போரின் செம்புத் தலைக்கவசம் இதற்கு நேர் எதிர். சீப் கோர்மன் நிறுவனத்தின் கவசத்தில் தலைப்பகுதியிலும் தோள்பகுதியிலும் ஒரே எண் இருக்க வேண்டும். சந்தையில் வரும் கவசங்களில் பெரும்பான்மை ஒருநாளும் தண்ணீரைப் பார்த்திராதவை.

கப்பலின் பெயரைத் தாங்கிய மணிக்கு உள்ள ஈர்ப்பு வேறு எதற்கும் இல்லை. தமிழர் கப்பல் ஒன்றின் மணியே அதற்குச் சான்று. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மதப்பணியாளர் நியூசிலாந்தில் மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திய வெண்கலப் பொருளைக் கண்டார். அது உடைந்த மணியின் மேற்பகுதி. சுற்றிலும் பழைய தமிழ் எழுத்துகள், முகையதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்ற பொருளில். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு உறுதியான விடை இல்லை. மணி இப்போது வெலிங்டனின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஒரு வரி எழுத்து இல்லையென்றால் அது வெறும் வெண்கலத் துண்டு.

பெயருக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதால்தான் மணிகளில் புகழ்பெற்ற கப்பல்களின் பெயர் புதிதாகப் பொறிக்கப்படுகிறது. டைட்டானிக், 1912 என்று பொறித்த மணிகள் எத்தனை வந்தாலும் அவை அலங்காரப் பொருளே. உண்மையாக ஒலித்த மணியின் உள்விளிம்பில், நாக்கு மோதிய எதிரெதிர் இடங்களில் பள்ளம் விழுந்திருக்கும். பொறிப்பின் விளிம்பு விரலுக்கு மழுங்கித் தெரிய வேண்டும். மேற்பரப்பு தேய்ந்து எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தால் எழுத்து பின்னால் வந்தது.

வாங்கும் இடங்களும் சட்டமும்

குஜராத்தின் ஆலங்கில் 1983 முதல் கப்பல்கள் உடைக்கப்படுகின்றன. கரைக்குச் செல்லும் சாலையோரக் கடைகளில் விளக்கு, கடிகாரம், டெலிகிராஃப், சில சமயம் உருளை செக்ஸ்டண்ட் ஆகியவை கிடைக்கும். அங்கு வருபவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கப்பல்களின் பொருள்கள். அதற்கு முந்தைய காலத்துப் பொருள் என்று யாராவது சொன்னால் மேலே சொன்ன சோதனைகளைத் தொடங்க வேண்டும். மும்பை சோர் பஜாரில் உண்மையும் நகலும் ஒரே பலகையில் கிடக்கும். உயர்ந்த பொருள்களுக்கு லண்டன் ஏலங்களே வழி. ஏலப் பட்டியலில் நிலைமை அறிக்கை கேட்டுப் பெறாமல் விலை கூறக் கூடாது.

சட்டத்தில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். இந்தியாவின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது; பண்டைய அறிவியலை விளக்கும் பொருள்களும் அந்த வரையறைக்குள் வருகின்றன. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்பவருக்கு உரிமம் தேவை. வெளிநாட்டில் வாழும் உறவினருக்குப் பழைய செக்ஸ்டண்டைப் பரிசாக அனுப்ப நினைப்பவர், முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கருத்துப் பெற வேண்டும்.

இரண்டாவது தந்தம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, இந்தியாவில் தந்த வணிகத்தைத் தடை செய்கிறது. 1991 திருத்தத்துக்குப் பின் ஆப்பிரிக்கத் தந்தமும் அதில் அடக்கம். தந்த வளைவு கொண்ட ஆக்டண்டை வெளிநாட்டு ஏலத்தில் எடுத்துச் சுங்கத்தில் பறிகொடுப்பதை விட, அருங்காட்சியகத்தில் பார்த்துத் திருப்தி அடைவது மேல். பிரிட்டனில் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. 1947க்கு முன் செய்யப்பட்டு, தந்தம் கனஅளவில் பத்து விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ள பொருளைப் பதிவு செய்த பிறகே விற்கலாம். பெரும்பாலான ஆக்டண்டுகள் இந்த வரம்புக்குள் அடங்கும். தந்தமா, எலும்பா என்று அறியச் சூடான ஊசியால் குத்தும் பழைய முறை பொருளைக் கெடுப்பதோடு சரி. லென்ஸில் பார்த்தால் எலும்பில் கரிய சிறு துளைகளும் கீற்றுகளும் தெரியும்; தந்தத்தில் நுண்ணிய ரேகைகள் மட்டுமே இருக்கும்.

மூன்றாவது, கடலடியிலிருந்து எடுத்தவை. நூறு ஆண்டுக்கு மேல் நீருக்கடியில் கிடந்த எச்சங்களை வணிகமாக்கக் கூடாது என்று யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. உடைந்த கப்பலிலிருந்து எடுத்தது என்ற சொல் விலையை ஏற்றுவதற்குச் சொல்லப்பட்டால், அதற்கான அனுமதித் தாளைக் கேட்க வேண்டும். தாள் இல்லையென்றால் வாங்கக் கூடாது.

பேணுதல்

பழங்கருவிகளுக்கு உப்புக்காற்று விளைவிப்பதை விட அதிகக் கேட்டைப் பித்தளைப் பாலிஷ் விளைவித்திருக்கிறது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய வீட்டில், கறுத்த செக்ஸ்டண்டைக் கண்டால் கை துறுதுறுக்கும். அந்தக் கறுப்பு அழுக்கன்று. வெயிலில் கண் கூசாமல் இருக்க, செய்தவரே சட்டத்தைக் கருமையாக்கி, அரக்குப் பூச்சு கொடுத்தார். புளியும் எலுமிச்சையும் சாம்பலும் பூச்சை எடுத்துவிடும். தேய்ப்பு பொறிப்பை மழுக்கும். வளைவில் பதித்த வெள்ளிப் பட்டை இதில் மிக நுட்பமானது. மயிரிழை போன்ற கோடுகள் சில தேய்ப்புகளிலேயே ஆழம் இழந்துவிடும்; பிறகு எந்தப் பட்டறையாலும் அவற்றை மீட்க முடியாது.

மென்மையான தூரிகையால் தூசி தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது போதும். பச்சைக் களிம்பு திரண்டிருந்தால் மூங்கில் குச்சியின் முனையால் சுரண்டி எடுக்கலாம். அதன்பின் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகப் பூசலாம்; அருங்காட்சியகங்கள் கையாளும் முறை இதுவே. தந்தத்திலும் கருங்காலியிலும் தண்ணீர் படவே கூடாது. ஈரத்தில் தந்தம் வளைந்து தன் பள்ளத்திலிருந்து மேலெழும்பும்.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் ஈரப்பதம்தான் பெரிய எதிரி. சிலிகா ஜெல் பைகளைப் பெட்டிக்குள் வைத்து, நிறம் மாறியதும் காயவைத்து மீண்டும் வைக்க வேண்டும். பெட்டியைச் சுவரை ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் பின்பலகை உப்பும், கரையானும் வரும். உள்ளே பஞ்சு நுரை வைத்து அடைக்கக் கூடாது. சில ஆண்டுகளில் அது பிசினாகி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இரு பொருள்களில் உயிராபத்தே இருக்கிறது. பழைய கப்பல் பாரோமீட்டரின் குழாயில் பாதரசம் உண்டு. படுக்க வைத்துத் தூக்கினால் குழாய் உடையலாம், சிந்திய பாதரசம் அறைச் சூட்டிலேயே ஆவியாகும். அது வாசனையற்றது என்பதால் யாரும் உணர மாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருட்டில் ஒளிர்ந்த திசைகாட்டி, கடிகார முகப்புகளில் ரேடியம் பூசப்பட்டிருக்கலாம். ஒளிர்வு எப்போதோ நின்றிருக்கும். ரேடியத்தின் அரைவாழ்வோ 1,600 ஆண்டு. அத்தகைய முகப்பின் கண்ணாடியைத் திறக்கவோ, உதிர்ந்த பூச்சைச் சுரண்டவோ கூடாது.

வாங்கிய அன்றே ஒவ்வொரு பொருளுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். யாரிடம் வாங்கியது, விற்றவர் சொன்ன கதை அவர் சொன்னபடியே, கொடுத்த விலை, பொறிப்பும் எண்களும் எழுத்துக்கு எழுத்து, பெட்டியில் இருந்த ஒவ்வொரு துணைப்பொருளும், இல்லாதவையும். புகைப்படம் துடைப்பதற்கு முன் எடுக்கப்பட வேண்டும். பின்னால் செய்த பழுதுபார்ப்பு எதுவாயினும் தேதியோடு அதே பக்கத்தில் சேர வேண்டும். மாற்றி எடுத்த திருகு, கண்ணாடி, தோல்வார் எதையும் எறியாமல் சீட்டு எழுதி உறையிலிட்டுப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். பதிவேட்டின் நகல் ஒன்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.